நெல்லை வெயிலில் ஒரு பழைய ஆடி டிடி: தினமும் ஓட்டுகிறவனின் மதிப்புரை

பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் விலை என்ன, மைலேஜ் என்ன என்று கேட்பவர்கள்தான் அதிகம். எப்போதாவது வண்டி தெரிந்த ஒருவர் வருவார், ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இத வச்சு தெனமும் ஆபீஸ் போக முடியுதா தம்பி?" என்பார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். முடிகிறது. பாளையங்கோட்டையிலிருந்து கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு வேலை நாள் எல்லாம் இதில்தான் போய் வருகிறேன், வீட்டில் வேறு கார் கிடையாது. வண்டி நல்ல வண்டி என்பது அதற்குப் பாதிக் காரணம். மீதிப் பாதி, வாங்கின பிறகு போட்ட பணம் கண்ணுக்குத் தெரியாத சாமான்களுக்குப் போனது.

வண்டியைச் சொல்லிவிடுகிறேன். 2012இல் பதிவான ஆடி டிடி கூபே, இரண்டாம் தலைமுறை, 2.0 டிஎஃப்எஸ்ஐ குவாட்ரோ, அதாவது டர்போ பெட்ரோல் இன்ஜின், நான்கு சக்கரத்துக்கும் சக்தி. 211 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க், ஆறு கியர் எஸ் டிரானிக் என்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பூஜ்யத்திலிருந்து நூறுக்கு 5.6 வினாடி என்று அன்றைக்குக் கம்பெனி சொன்ன கணக்கு. ஹங்கேரியில் செய்து முழு வண்டியாகக் கப்பலில் வந்தது. இந்த ஒரு விஷயம் கடைசியில் பர்ஸைக் கடிக்கும், அதைப் பிறகு சொல்கிறேன். விலை இன்றைய நடுத்தர எஸ்யூவி ஒன்றின் ஷோரூம் விலைக்குக் கீழேதான். அந்தப் பணத்துக்குச் சன்ரூஃப் வைத்த எஸ்யூவி வாங்கியிருக்கலாமே என்று சொல்லாத சொந்தக்காரர் பாக்கி இல்லை.

நம்ம பக்கம் இந்த மாதிரி வண்டிகள் பெரும்பாலும் கேரளாவிலிருந்துதான் வருகின்றன. திருவனந்தபுரம், கொச்சி என்று தேடினால் கிடைக்கும், நிலைமையும் பரவாயில்லாமல் இருக்கும். ஆனால் வெள்ளத்தைப் பார்க்க வேண்டும். 2018இல் கேரளாவில், 2015லும் 2023 டிசம்பரிலும் சென்னையில், அதே 2023 டிசம்பரில் நம்ம தாமிரபரணிக் கரையிலேயே எத்தனை கார்கள் முங்கின என்று நமக்குத் தெரியும். முங்கின வண்டியைக் கழுவி, பாலிஷ் போட்டு, டேஷ்போர்டில் வாசனை டப்பா வைத்து வேறு ஊரில் விற்பார்கள். சீட் பெல்ட்டை முடிகிற வரை வெளியே இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கிற கடைசி ஒரு அடியில் சேறு காய்ந்த கறை இருக்கும், அதை யாரும் கழுவ மாட்டார்கள். சீட்டுக்கு அடியில், சீட்டு முன்பின் நகர்கிற ரெயிலின் போல்ட்டு துருப்பிடித்திருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கிற குழியில் மணல் இருக்கிறதா, கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் உள்ள ஸ்பாஞ்சு ஈர வாடை அடிக்கிறதா, எல்லாம் பார்க்க வேண்டும். எனக்கு முதலில் காட்டப்பட்ட வண்டி பெல்ட்டிலேயே மாட்டிக்கொண்டது. புரோக்கர் அதற்குச் சொன்ன விளக்கம், முந்தைய ஓனர் குழந்தை ஹார்லிக்ஸ் கொட்டிவிட்டது என்பது.

இரண்டாவது, வண்டி பார்க்கப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி, "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வண்டியின் இஏ888 குடும்ப இன்ஜினில் வால்வையும் பிஸ்டனையும் தாளம் தவறாமல் வைத்திருப்பது டைமிங் செயின். அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் பழைய டிசைனில் பலவீனமானது, பிறகு திருத்திய சாமான் வந்தது. ராத்திரி முழுக்க ஆறின இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு வினாடி சலசலவென்று கேட்டால் அங்கேயே நின்று பேரம் பேச வேண்டும், அல்லது கிளம்பிவிட வேண்டும். செயின் தாவினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், அதன் பிறகு அது கார் இல்லை. ஏற்கனவே சூடாக்கி வைத்த வண்டியில் இந்தச் சத்தம் கேட்காது, அதனால்தான் நாம் போகும்போது பல வண்டிகள் சூடாகவே இருக்கின்றன. ஆயில் குடிக்கிறதா என்றும் கேட்க வேண்டும், இந்தத் தலைமுறை இன்ஜினில் பிஸ்டன் ரிங் விஷயமாக அந்தப் பேச்சு உண்டு. நான் வாங்கின வண்டியில் புது டென்ஷனர் போட்ட பில் இருந்தது. அந்த ஒரு காகிதத்துக்காகவே சொன்ன விலையில் அதிகம் குறைக்காமல் வாங்கினேன்.

இங்கே எங்கள் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டி வந்த அன்றைக்குக் கையில் ஒரு காந்தத்தோடு வந்தார். கதவில் வைத்தார், ஒட்டியது. முன் ஃபெண்டரில் வைத்தார், வழுக்கி விழுந்தது. பானட்டில் விழுந்தது, கூரையிலும் விழுந்தது. "பூரா பட்டி வச்சு பூசிருக்கான் மாப்ள, ஏமாந்துட்டிய" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். விஷயம் என்னவென்றால் இந்த டிடியின் உடம்பில் 69 சதவீதம் அலுமினியம், மீதிதான் இரும்பு. எடை சமநிலைக்காகக் கதவும் டிக்கி மூடியும் பின்தரையும் இரும்பு, மற்றதெல்லாம் பெரும்பாலும் அலுமினியம். காந்தம் சரியாகத்தான் சொல்லியது. மாமா இன்னும் முழுசாக நம்பவில்லை. இதில் உபயோகமான பாடம், முன்பக்கம் நசுங்கினால் தெருமுனை டிங்கர் கடையில் கொடுத்துவிடாதீர்கள். அலுமினியத்தைத் தட்டி எடுக்கவும் வெல்டு வைக்கவும் தனிக் கருவி, தனிக் கை வேண்டும். நம்ம ஊரில் அது கஷ்டம்.

அப்புறம் ஒர்க்‌ஷாப். இந்த மதிப்புரையில் பாதி நட்சத்திரம் உண்மையில் அதற்குத்தான் போக வேண்டும். இந்த வண்டிக்குக் கம்பெனி சர்வீஸ் நெல்லையில் இல்லை. பாளையங்கோட்டை சமாதானபுரம் பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு அண்ணாச்சி கடை வைத்திருக்கிறார், போர்டு கூட ஒழுங்காகக் கிடையாது. வெளியூரில் ஜெர்மன் வண்டிகள் பார்த்துக் கை பழகினவர். அவரிடம் விசிடிஎஸ் என்கிற, வண்டியின் கோளாறைப் படிக்கிற சாஃப்ட்வேர் போட்ட பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது, அதைவிட முக்கியமாக ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அதில் எந்த ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் வண்டியின் எந்தப் பார்ட் நம்பர் எதற்குச் சேரும் என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த நோட்டுதான் இந்த வண்டியை நமக்குக் கட்டுப்படியாக்குகிறது. டிடியின் அடித்தளம் ஐந்தாம் தலைமுறை கோல்ஃபின் அடித்தளம். நம்ம ஊர் ரோட்டில் நிறைய ஓடின ஸ்கோடா லாராவுக்கும் அந்தக் காலத்து ஜெட்டாவுக்கும் அதே அடித்தளம். 1.8 டிஎஸ்ஐ லாரா, சூப்பர்ப் வண்டிகளில் இருந்த இன்ஜின் இதனுடைய கூடப் பிறந்தது. ஆக இக்னிஷன் காயில், பிசிவி வால்வு, வாட்டர் பம்ப், வீல் பேரிங், பல புஷ்கள் என்று தினசரி தேய்கிற சாமான்களில் பெரும்பகுதியை லாரா பெயரில் வாங்கலாம். அதே சாமானை "ஆடி டிடிக்கு" என்று கேட்டால் விலை வேறு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பார்ட் நம்பர் சொல்லி ஆர்டர் போட்டால் பார்சல் ஆம்னி பஸ்ஸில் மறுநாள் காலை வந்துவிடும். கண்ணாடி, லைட், ஃபெண்டர் மாதிரி டிடிக்கே உரிய சாமான் என்றால்தான் தேடி அலைய வேண்டும், அதில் கை விரலைக் கடித்துக்கொள்கிற விலை.

வண்டியைப் பார்த்ததும் அண்ணாச்சி எதையும் கழற்றவில்லை. ஏசியை அணைத்து, கண்ணாடியை ஏற்றி, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு போனார், சத்தம் மட்டும் கேட்டார். திரும்பி வந்து ஒரு தாளில் எழுதினது: இன்ஜின் மவுண்ட், அடியில் உள்ள டார்க் மவுண்ட், முன் கண்ட்ரோல் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, சாக் அப்சார்பர் டாப் மவுண்ட். எல்லாமே ரப்பர். பத்துப் பன்னிரண்டு வருடம் வெயிலில் நின்ற ரப்பர் எந்தக் கம்பெனி செய்தாலும் முறுக்கு மாதிரி நொறுங்கத்தான் செய்யும். நண்பர்கள் வட்டாரத்தில் வேறு ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது: ரீமேப் போடு (இன்ஜின் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றிப் பவரை ஏற்றுவது), எக்ஸாஸ்ட் மாற்று, ஸ்பிரிங்கை இறக்கு. அண்ணாச்சி கேட்டுவிட்டு, "மொதல்ல ரப்பர மாத்துவோம் தம்பி. பொறவு பவர் வேணுமான்னு நீங்களே சொல்லுங்க" என்றார். ரப்பர் மாற்றின பிறகு வண்டி வேறு வண்டியாகிவிட்டது. ஸ்டீயரிங் நேராக நிற்கிறது, கியர் மாறும்போது வந்த 'டொக்' போய்விட்டது. ரீமேப் பேச்சு அதோடு நின்றது.

அடுத்த பெரிய வேலை கியர்பாக்ஸ் ஆயில். ஆடி எஸ் டிரானிக் என்று சொல்வது, ஃபோக்ஸ்வாகன் டிஎஸ்ஜி என்று சொல்கிற அதே பெட்டிதான். இது எண்ணெயில் நனைந்த கிளட்ச் உள்ள ஆறு கியர் வகை, டிகியூ250 என்பார்கள். சின்ன கார்களில் வந்த ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், டிராஃபிக்கில் இது அதைவிடத் தாங்கும். ஒரே நிபந்தனை, 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். செகண்ட் ஹேண்ட் வண்டிகளில் பெரும்பாலும் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள், "லைஃப்டைம் ஆயில் சார்" என்று ஒரு கதை உலவுகிறது. சரியான ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 18,000 ரூபாய் ஆனது. பின்சக்கரத்துக்குச் சக்தி அனுப்புகிற ஹால்டெக்ஸ் யூனிட்டுக்குத் தனி ஆயில், அதையும் கேட்டு மாற்றச் சொல்லுங்கள், பல மெக்கானிக்குகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது. இன்ஜினுக்கு ஃபோக்ஸ்வாகனின் 502 00 தரம் எழுதின 5டபிள்யூ-40 ஆயில், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு முன்னாலேயே மாற்றிவிடுகிறேன். டர்போ வண்டி, நம்ம ஊர் தூசி, இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் பெட்டியாக இருக்கும். வயசானால் அது கசியும் என்று இந்த இன்ஜின் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். கசிகிற வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றினோம். சித்திரை வெயிலில் தாழையூத்து தாண்டி நடுரோட்டில் டெம்பரேச்சர் முள் ஏறுவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. நேரடி எரிபொருள் இன்ஜெக்‌ஷன் என்பதால் இன்டேக் வால்வின் முதுகில் கரி படியும். பெட்ரோல் அந்த வழியாகப் போவதே இல்லை, கழுவ ஆளில்லை. அதை வால்நட் ஓட்டுத் தூளை அடித்துச் சுத்தம் செய்வார்கள். அந்த வசதி நம்ம அண்ணாச்சியிடம் இல்லை, கோயம்புத்தூரில் செய்துகொண்டேன்.

ஏசிதான் என் பொறுமையைச் சோதித்தது. அண்ணாச்சி ஏசி பார்ப்பதில்லை. வெளியே ஒரு கடையில் கொடுத்தால் கேஸ் நிரப்பி அனுப்பினார்கள், கொஞ்ச நாளில் மறுபடி சூடு, மறுபடி கேஸ். எங்கே கசிகிறது என்று பார்க்கச் சொன்னால் "பழைய வண்டி சார், அப்படித்தான்" என்று பதில். கடைசியில் வேறொருவர் சாயம் கலந்து விட்டு, ஊதா லைட் அடித்துப் பார்த்ததில் முன்னால் இருக்கிற கண்டென்சரில் கல் தெறித்த இடத்தில் பொட்டு ஓட்டை. மாற்றினதும் சரியாகிவிட்டது. ஆனாலும் சொல்ல வேண்டியது, பின்கண்ணாடி அகலமாகச் சாய்ந்து கிடப்பதால் மத்தியான வெயில் முழுக்க உள்ளேதான். கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று 2012லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிழல் பார்த்து நிறுத்துவதைத் தவிர வழியில்லை. சிப்காட்டில் மரத்தடி இடம் பிடிக்கவே கொஞ்சம் சீக்கிரம் கிளம்புகிறேன்.

வெயிலில் பசை விட்டு, கூரையின் உள்பக்கத் துணி தொங்கியது. இதை மட்டும் நம்ம ஊர்க் கை ஜெயித்தது: பாளையங்கோட்டையில் ஆட்டோவுக்கும் வேனுக்கும் சீட் தைக்கிற ஒருவர் மொத்த உள்கூரையையும் கழற்றி, பழைய ஸ்பாஞ்சைச் சுரண்டி, புதுத் துணி ஒட்டிக் கொடுத்தார். ஒரு சுருக்கம் இல்லை.

டயரும் சக்கரமும். இதில் வந்தது 245/40 ஆர்18. பார்க்க அழகு, நம்ம ஊர் பள்ளத்துக்கு ஆகாது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடின இடங்களில் ஒவ்வொரு முறையும் ரிம் நெளிந்ததா என்று நெஞ்சு பதறும். 5×112 போல்ட் அளவு (112 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட்டு) என்பதால் லாரா, சூப்பர்ப் சக்கரங்களிலேயே தேட முடிந்தது. 17 அங்குலத்துக்கு இறங்கி 245/45 போட்டேன். இதுவும் கம்பெனி அளவுதான், மொத்த விட்டம் கிட்டத்தட்ட அதேதான், ரப்பர்ச் சுவர் மட்டும் உயரம். நான்கு டயருக்கு 60,000 ரூபாயை ஒட்டி ஆனது, இதுவரை செய்த செலவில் பெரியது இது. வாங்கும்போது மேக்னடிக் ரைடு, அதாவது காந்த விசையால் இறுக்கம் மாறுகிற சாக் அப்சார்பர் உள்ள வண்டியா என்று கேளுங்கள். அந்தச் சாக் அப்சார்பர் போனால் ஒன்றின் விலையில் சாதாரணச் செட்டே வாங்கலாம். சாதாரண சஸ்பென்ஷன் வண்டிதான் நமக்குச் சரி.

ஓட்டுவது எப்படி? கேடிசி நகர் தாண்டி நாற்கரச் சாலையில் ஏறினதும் எல்லாச் செலவும் மறந்துவிடும். இரண்டாயிரம் ஆர்பிஎம்முக்குள்ளேயே முழு டார்க்கும் வந்துவிடுவதால் லாரியை முந்த கியர் குறைக்கவே தேவையில்லை. மழையில் நான்கு சக்கரமும் பிடிக்கிற நிதானம் தனி. பின்னால் இருக்கிற ஸ்பாய்லர் 120 தாண்டினால் தானாக எழும்பும், நம்ம நாற்கரச் சாலையில் சட்டப்படி அந்த வேகத்துக்கு இடமே இல்லை. அதனால் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட பட்டனை அமுக்கித்தான் தூக்க வேண்டியிருக்கிறது. கங்கைகொண்டான் பக்கம் மான் சரணாலயம் இருப்பதால் இருட்டின பிறகு நான் எண்பதைத் தாண்டுவதில்லை.

ஊருக்குள் கதை வேறு. வண்ணாரப்பேட்டை, ஈரடுக்கு மேம்பாலம், டவுன் ரதவீதி எல்லாம் ஓட்டலாம், கியர்பாக்ஸ் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் ஊர்க் கமிட்டி போட்ட வேகத்தடை வந்தால் குறுக்காகச் சாய்த்து ஏற்ற வேண்டும், பின்னால் வருகிற ஷேர் ஆட்டோக்காரருக்கு நாம் என்ன செய்கிறோம் என்று புரியாது. ஆனித் தேரோட்ட நேரத்தில் டவுனுக்கு இதை எடுத்துப் போவதே கிடையாது. பின்சீட்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். அம்மா முன்சீட்டில் உட்காரும்போது "கெணத்துக்குள்ள எறங்குத மாரி இருக்கு" என்கிறாள், இறங்கக் கை கொடுக்க வேண்டும். இதற்குத் தீர்வு இல்லை, வீட்டில் முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் இருந்தால் இதை மட்டுமே நம்பி இருக்காதீர்கள். சாமானுக்கு மட்டும் ஆச்சரியம்: பின்சீட்டை மடக்கினால் அம்பை 16 அரிசி இரண்டு மூட்டை, ஒரு வாழைத்தார், பொங்கல் சமயத்தில் பனங்கிழங்குக் கட்டு எல்லாம் ஒன்றாக ஏறுகிறது.

மைலேஜ் கேட்டவர்களுக்கு: ஊருக்குள் எட்டு, நாற்கரச் சாலையில் பன்னிரண்டு. 95 ஆக்டேன்தான் போடுகிறேன், இந்த இன்ஜினுக்கு அதுதான் சொல்லியிருக்கிறது. இப்போது பங்கில் வருவது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்தது, 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளைத்தான் அதற்கேற்ற சாமானோடு செய்கிறார்கள். நம்முடையது அதற்கு ரொம்ப முந்தியது. ஆகையால் பெட்ரோல் ஹோஸ்களை ஒவ்வொரு சர்வீஸிலும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன், வண்டியை வாரக்கணக்கில் டேங்க் நிரப்பி நிறுத்தி வைப்பதில்லை.

அண்ணாச்சி கடையில் குறையும் உண்டு. போன் எடுக்க மாட்டார். "நாளைக்கு" என்றால் அந்த வாரத்துக்குள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பிரிண்ட் போட்ட பில் கிடையாது, பின்னால் வண்டியை விற்கும்போது காட்ட நாமே சாமான் ரசீதுகளைச் சேர்த்து வைக்க வேண்டும். வேப்பமரத்தடி நிழல் நல்லதுதான், காக்கை எச்சம் பெயிண்டுக்கு நல்லதில்லை, ஒரு கவர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனால் கெட்டுப்போகாததை மாற்றச் சொல்லி இதுவரை ஒரு ரூபாய் கேட்டதில்லை, மாற்றின பழைய சாமானைக் கையில் தருகிறார். ரெக்கவரி வண்டி தேவைப்பட்டால் காரை முழுசாக மேலே ஏற்றுகிற பிளாட்பெட் மட்டும்தான் என்று எனக்கு முதல் நாளே சொன்னவரும் அவர்தான். நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகிற வண்டியை முன்பக்கம் மட்டும் தூக்கி இழுத்தால் உள்ளே பல்சக்கரம் போய்விடும்.

கேரள வண்டி என்பதால் அங்கிருந்து என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, வண்டியின் வயசைப் பார்த்துத் தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ் கட்டி, டிஎன் 72 ஆக்குவதற்கு அலைச்சல் உண்டு, அந்தச் செலவை விலையிலேயே கழித்துப் பேசுங்கள். அதைவிடப் பெரியது, கப்பலில் வந்தது என்று முன்னால் சொன்ன விஷயம். 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது சாதாரண காருக்கு 5,000 ரூபாய் கட்டணம். இறக்குமதி வண்டி என்றால் 40,000. 2022 ஏப்ரலிலிருந்து இப்படித்தான். இப்போது சந்தையில் கிடைக்கிற இந்த மாடல் டிடி எல்லாம் அந்தப் 15 வருடத்தின் ஓரத்தில் நிற்பவை, பலர் விற்பதற்கே அதுதான் காரணம். ஆர்சியில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த நாற்பதாயிரத்தை விற்பவர் தலையில் வைத்துப் பேசுங்கள். என் வண்டிக்கு 2027இல் வருகிறது. அதற்கென்று மாதாமாதம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன், மாமாவுக்கு இந்தக் கணக்கை மட்டும் இன்னும் சொல்லவில்லை.